டர்பனில் ஈவென்ட் வேலைக்குச் சேருகிறவர்கள் கையெழுத்துப் போடும் முன்

தென்னாப்பிரிக்காவுக்குக் குடிவந்து வேலை தேடும் தமிழ்ப் பெண்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "அக்கா, ஈவென்ட் கம்பெனியில கோஆர்டினேட்டர் வேலை கிடைச்சிருக்கு, சேரலாமா?" சேரலாம். ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் என்னென்ன வேலை இருக்கிறது, எந்தக் காகிதத்தில் யார் கையெழுத்துப் போடவேண்டும், யார் பணத்தில் சாமான் வாங்கவேண்டும் என்பதை முதலிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு அதைச் சொல்ல அப்போது ஒருவரும் இல்லை. 2023ஆம் ஆண்டின் கடைசியில் என் கையிலிருந்து 26,300 ராண்ட் போனது. கடைசி மாதச் சம்பளமும் நின்றது. அம்மாவை ஊரிலிருந்து அழைத்துவர டிக்கெட்டுக்காகச் சேர்த்து வைத்திருந்த பணம் அது. பல நாள் தூக்கமில்லாமல் கிடந்தேன். யாரிடம் போய்க் கேட்பது என்றுகூடத் தெரியவில்லை.

நான் மதுரைப் பக்கம். கணவர் குடும்பம் டர்பனில் சாட்ஸ்வொர்த். அந்தக் காலத்தில் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் வழியில் வந்தவர்கள். வீட்டில் பேசுவதெல்லாம் ஆங்கிலம், ஆனால் காவடியும் புரட்டாசி விரதமும் விடாதவர்கள். நான் சென்னையில் ஒரு கல்யாண மண்டபத்தின் புக்கிங் ஆபீசில் வேலை பார்த்திருந்தேன். அந்த அனுபவத்தை வைத்து இங்கே ஒரு ஈவென்ட் நிறுவனத்தில் கோஆர்டினேட்டர் வேலை கிடைத்தது, மாதம் 11,500 ராண்ட். என் விசாவில் அந்த நிறுவனத்தின் பெயரைச் சேர்த்துத்தான் வேலை செய்ய அனுமதி தந்தார்கள். அதனால் வேலையை விடுவது என்பது எனக்குச் சாதாரண விஷயமாக இல்லை. இதையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் பிளானருக்கும் கோஆர்டினேட்டருக்கும் உள்ள வித்தியாசம். இங்கே தமிழ்க் குடும்பத்துக் கல்யாணங்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையில்தான் வரும். அதற்கு முன்னால் நலங்கு. கல்யாணத்தன்று ஹாலில் நானூறு ஐந்நூறு பேர், வெஜிடபிள் பிரியாணி, டால். இந்தக் கல்யாணத்தை எடுத்து நடத்தும் பிளானர் என்பவர் பல மாதம் முன்பே குடும்பத்தோடு உட்கார்ந்து பட்ஜெட் போடுகிறவர். ஹால் எது, சமையல் யார், மணவறை யார், போட்டோ யார் என்று தேர்ந்தெடுத்து, பேரம் பேசி, ஒப்பந்தம் போட்டு, முன்பணம் கட்டவைப்பது அவர் வேலை. கோஆர்டினேட்டர் கடைசிச் சில வாரங்களில் வருகிறவர். பிளானர் முடிவு செய்ததையெல்லாம் கையில் வாங்கி, நேரவாரியாக ரன் ஷீட் எழுதி, எல்லோருக்கும் போன் போட்டு உறுதி செய்து, அன்றைக்குக் காலையிலிருந்து நடத்திக் கொடுப்பவர். விலை பேசுவதும் பணம் கட்டுவதும் அவர் பொறுப்பில் வராது. பூக்காரர் வரவில்லை என்றால் போன் போட்டு விரட்டலாம். வேறு பூக்காரரை வரவழைத்துப் பணம் கொடுக்கும் அதிகாரம் அவருக்குக் கிடையாது, எழுத்தில் கொடுத்திருந்தால் ஒழிய. சின்ன நிறுவனங்களில் இரண்டையும் ஒருவரே செய்வார்கள். அதில் தப்பில்லை. சம்பளமும் அதிகாரமும் இரண்டுக்கும் சேர்த்து வரவேண்டும், அவ்வளவுதான்.

கல்யாணத்தில் இன்னொரு ஆளைச் சொல்லியே ஆகவேண்டும். குருக்கள் தாலி கட்டவைத்துவிட்டால் கல்யாணம் சட்டப்படி முடிந்தது என்று இங்கே ஆகாது. 1961ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின்படி நியமிக்கப்பட்ட மேரேஜ் ஆபீசர் முன்னால் கையெழுத்துப் போட்டால்தான் பதிவு. சில குருக்கள்மார் அந்த நியமனமும் வாங்கியிருக்கிறார்கள், பலரிடம் இல்லை. "குருக்கள்கிட்ட கேட்டாச்சா?" என்று கோஆர்டினேட்டர் கேட்டால் வீட்டார் பூஜைச் சாமானைப் பற்றிப் பேசுவார்கள். கேட்கவேண்டியது, பதிவேட்டோடு வருவது யார் என்பது. எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் ஃபீனிக்ஸில் இருக்கும் ஒரு வயதான சமையல்காரர் அண்ணா. நிறுவனத்தில் யாரும் சொல்லவில்லை. அவரே இன்னொன்றும் சொன்னார்: சமையல்காரரைப் பேசும்போது நகராட்சியின் ஏற்புச் சான்றிதழ் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும், 2018இல் வந்த உணவுச் சுகாதார விதிகள் அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன, அது இல்லாதவரைப் பல ஹால்கள் சமையலறைக்குள் விடுவதில்லை என்று.

அடுத்து, ஹால்காரர்கள். ஹோட்டலிலோ பெரிய ஹாலிலோ உங்களை வரவேற்று, டீ கொடுத்து, எல்லாவற்றுக்கும் தலையாட்டும் பேங்க்வெட்டிங் மேனேஜர், இடத்தின் ஆள். உங்கள் நிகழ்ச்சிக்காக உழைப்பார், உண்மைதான். ஆனால் அவர் செய்வது ஃபங்க்‌ஷன் ஷீட் என்ற காகிதத்தில் இருப்பதை மட்டும். எத்தனை மேஜை, எத்தனை மணிக்குச் சூப், மைக் எத்தனை, மின்சாரம் எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். அதில் இல்லாத எதையும் "வாயால சொன்னோமே" என்று வாங்க முடியாது. அந்த ஷீட்டை வரிவரியாகப் படித்துவிட்டுத்தான் நிறுவனம் கையெழுத்துப் போடவேண்டும். எங்கள் நிறுவனத்தில் அதை ஒருவரும் படிக்கவில்லை. அதன் விளைவு என் தலையில்தான் விழுந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

மாநாடுகள் தனி உலகம். டர்பனின் சர்வதேச மாநாட்டு மையமான ஐ.சி.சி.யில் 2000இலும் 2016இலும் சர்வதேச எய்ட்ஸ் மாநாடு நடந்தது, 2011இல் பருவநிலை மாநாடு நடந்தது. ஒவ்வோர் ஆண்டும் ஆப்பிரிக்கா டிராவல் இண்டாபா என்ற சுற்றுலாத் துறைக் கண்காட்சி நடக்கிறது. இவற்றில் பதிவு, ஓட்டல் அறை, விமான நிலையத்திலிருந்து பஸ், பேச்சாளர்களின் கோப்புகள் என்று பார்ப்பவர்களைக் கான்பரன்ஸ் ஆர்கனைசர் என்பார்கள். எழுத்துவேலையும் எக்செல்லும் கைவந்தவர்களுக்கு, இரவில் வீடு திரும்பவேண்டிய அம்மாக்களுக்கு, இந்தப் பக்கம் நல்லது என்பது என் எண்ணம். நான் அதில் அதிகம் இருந்ததில்லை.

நான் மனசோடு ஒட்டிக்கொண்டது மேடைப் பக்கம். அங்கே ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு வேலை, ஒரு குரல். டெக்னிக்கல் மேனேஜர் என்பவர் ஒலி, ஒளி, எல்.இ.டி. திரை, மின்சாரம் எல்லாம் சேர்ந்து வேலை செய்யுமா என்று கணக்குப் போடுகிறவர். ரிக்கர்கள் மேலே ஏறி விளக்கு, திரை எல்லாவற்றையும் தொங்கவிட்டுக் கட்டுகிறவர்கள். அவர்கள் வேலை முடிந்தது என்று சொல்லும்வரை கீழே யாரும் நடக்கக்கூடாது. ஸ்டேஜ் மேனேஜர் மேடைக்குப் பின்னால் நின்று, யார் எப்போது ஏறுகிறார், எந்தப் பக்கம் இறங்குகிறார், கையில் மைக் இருக்கிறதா என்று பார்க்கிறவர். ஷோ காலர் ஒலிப்பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஹெட்செட்டில் "ஸ்டேண்ட்பை... கோ" என்று சொல்கிறவர். அவர் "கோ" சொல்லாமல் ஒரு விளக்குகூட மாறாது. எம்.சி. மேடையில் பேசுகிறவர் மட்டும். நிகழ்ச்சியை நடத்துவது அவர்தான் என்று கீழே இருப்பவர்கள் நினைப்பார்கள், ஆனால் அவருக்கும் காதில் ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்பார். இவர்கள் எல்லோருக்கும் மேலே புரொடியூசர். நிகழ்ச்சி எப்படி இருக்கவேண்டும் என்ற முடிவும் பணமும் அவர் கையில். ஒரு நிகழ்ச்சிக்குப் போனதும் நான் இப்போது முதலில் கேட்பது, "ஷோ காலர் யார்? பணத்துக்கு யாரைக் கேட்கவேண்டும்?" என்றுதான். இரண்டுக்கும் பெயர் வரவில்லை என்றால் அங்கே எல்லாச் சுமையும் கோஆர்டினேட்டர் மேல்தான் இறங்கும்.

எனக்கு அப்படித்தான் இறங்கியது. கொஞ்ச மாதத்திலேயே நான் பிளானர், கோஆர்டினேட்டர், ஸ்டேஜ் மேனேஜர், சாமான் ஏற்றி இறக்கும் ரன்னர், வேன் ஓட்டுநர் எல்லாம் ஆகிவிட்டேன். கற்றுக்கொள்கிறோம் என்ற சந்தோஷம் நிஜமாகவே இருந்தது. மேடைக்குப் பின்னால் ரேடியோவைக் காதில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது எனக்கு ஊர் ஞாபகமே வராது. ஜூலு பேசும் லோடிங் பையன்கள் "சிசி", அதாவது அக்கா, என்று கூப்பிட்டு எனக்கு முதலில் தேநீர் கொடுப்பார்கள். அந்த நல்ல மனிதர்களால்தான் நான் இன்னும் இந்தத் துறையில் இருக்கிறேன்.

தீபாவளிக்கு முன்னால் திறந்த மைதானத்தில் ஓர் இசை நிகழ்ச்சி. மூவாயிரம் பேர் வருவார்கள் என்று கணக்கு. நிகழ்ச்சிக்குச் சில நாள் முன்பு முதலாளி ஒரு படிவத்தைக் கொண்டுவந்து, "சேஃப்டி ஆபீசர் என்ற இடத்தில் உன் பெயரைப் போட்டிருக்கிறேன், கையெழுத்துப் போடு, சும்மா ஃபார்மாலிட்டி" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்தப் படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போய் இரவு முழுக்கப் படித்தேன். இப்படி ஒரு படிவம் இருப்பதற்குக் காரணம் உண்டு. 2001 ஏப்ரல் 11 அன்று ஜோஹன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க் மைதானத்தில் கால்பந்து ஆட்டத்தின்போது கூட்ட நெரிசலில் 43 பேர் இறந்தார்கள். பிறகு விசாரணைக் கமிஷன், அதன் பின் 2010ஆம் ஆண்டின் விளையாட்டு, பொழுதுபோக்கு நிகழ்ச்சிப் பாதுகாப்புச் சட்டம். குறைந்தது 2000 பேர் கொள்ளும் இடம் என்றால், நிகழ்ச்சியின் ஆபத்து குறைவா, நடுத்தரமா, அதிகமா என்று போலீஸ் வகைப்படுத்தவேண்டும். கூட்டம் எந்த வழியாக வெளியேறும், ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும், மேடைக்கு முன்னால் எத்தனை காவலர் என்று எல்லாவற்றுக்கும் திட்டம் வேண்டும். அதற்குப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். நெரிசலில் ஒரு குழந்தை கீழே விழுந்தால் முதலில் தேடுவது அந்தப் பெயரைத்தான். நான் கையெழுத்துப் போடவில்லை. "எனக்குப் பயிற்சி இல்லை, என்னால் முடியாது" என்று மின்னஞ்சல் எழுதிப் போட்டேன். கை நடுங்கியபடிதான் அனுப்பினேன். அவர் கடைசியில் தகுதியுள்ள ஒருவரைக் கூலிக்குப் பிடித்தார். நிகழ்ச்சி நல்லபடியாக நடந்தது. ஆனால் அதற்குப் பிறகு அவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்காகவும் இறங்கிப் பேசமாட்டேன். சேஃப்டி ஆபீசர் தனித் தொழில். உங்களுக்குப் பயிற்சி இல்லையென்றால் அந்தப் பெயரில் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள், வேலை போனாலும் சரி. அதேபோல வாசலில் நிற்கும் காவலர்கள், தனியார் காவல் வேலையை ஒழுங்குபடுத்தும் பிசிரா என்ற அமைப்பில் பதிவு செய்தவர்களாக இருக்கவேண்டும், சட்டம் அது. "எங்க அண்ணன் பசங்க நாலு பேர் நிப்பாங்க" என்று கோவில் விழாவிலும் கல்யாணத்திலும் சொல்வார்கள். வழிகாட்ட, கார் நிறுத்த நிற்கட்டும். சம்பளத்துக்குக் காவல் என்று நிற்கக்கூடாது.

அப்புறம் நவம்பர் மாதம், உம்லாங்கா பக்கம் ஒரு ஹாலில் ஒரு கம்பெனியின் ஆண்டிறுதி விருந்து. 2023இல் லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு எவ்வளவு கொடுமை என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். மின்வெட்டு நேரத்தைக் காட்டும் எஸ்கொம் சே புஷ் ஆப்பைப் பார்க்காமல் அப்போது யாரும் அரிசிகூடக் களைய மாட்டார்கள். ஃபங்க்‌ஷன் ஷீட்டில் மின்சாரம் என்ற வரிக்கு நேரே ஹாலின் பொறுப்பு என்று இருந்தது. ஹாலில் ஜெனரேட்டரும் இருந்தது. ஆனால் அது சமையலறை, குளிர் அறை, சாதாரண விளக்கு ஆகியவற்றுக்கு மட்டும்தான் தாங்கும். மேடை ஒலிக்கும் திரைக்கும் தேவையான த்ரீ ஃபேஸ் அதில் வராது. டெக்னிக்கல் மேனேஜர் இடம் பார்க்க வந்தபோதே இதை முதலாளியிடம் சொல்லியிருக்கிறார், எழுத்திலும் கொடுத்திருக்கிறார். யாரும் தனி ஜெனரேட்டர் எடுக்கவில்லை. நிகழ்ச்சியன்று மதியம் லோட் ஷெடிங் ஸ்டேஜ், அதாவது மின்வெட்டின் அளவு, திடீரென்று கூடியது. எங்கள் பகுதிக்கு இரவு எட்டிலிருந்து பத்து என்று வந்தது. முதலாளிக்குப் போன் போட்டேன். "நீ எடுத்துடு, உன் கார்டுல கட்டு, திங்கட்கிழமை தந்துடறேன்" என்றார். வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொன்னேன், அனுப்பினார். ஜெனரேட்டரும் டீசலும் சேர்த்து 15,600 ராண்ட்.

இரவு பேச்சுகள் நீண்டுவிட்டன. மேடை பிரிக்கும் குழு பதினொரு மணிவரைக்குத்தான் பேசப்பட்டிருந்தது. முடிய மூன்று மணி ஆனது. உம்லாசிக்கும் குவாமாஷுவுக்கும் போக அந்த நேரத்தில் டாக்சி கிடையாது. அவர்களுக்குக் கூடுதல் கூலியும் வண்டிச் செலவும் 4,800 ராண்ட், அதையும் முதலாளியின் குரல் செய்தியைக் கேட்டுவிட்டு நான்தான் ரொக்கமாகக் கொடுத்தேன். மறுநாள் வாடகைக்கு எடுத்த ஒலிச் சாமானில் ஒரு வயர்லெஸ் மைக் குறைந்தது. டெலிவரி சீட்டில் பெற்றுக்கொண்டவர் என்ற இடத்தில் என் பெயர், என் கையெழுத்து. அது 5,900 ராண்ட். வாடகைக்குக் கொடுத்தவர் நிறுவனத்தைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டார். கட்டினேன். சாமான் வாங்கும்போது கையெழுத்துக்குக் கீழே "நிறுவனத்துக்காக" என்று எழுதி முத்திரை வையுங்கள். எண்ணாமல் வாங்காதீர்கள், அவசரம் என்று ஓட்டுநர் எவ்வளவு கத்தினாலும்.

திங்கட்கிழமை பணம் வரவில்லை. ஜெனரேட்டர் எடுக்காதது கோஆர்டினேட்டரின் கவனக்குறைவு என்று மின்னஞ்சல்தான் வந்தது. மாதக் கடைசியில் சம்பளமும் வரவில்லை. கேட்டதற்கு, நான் ஊழியர் இல்லையாம், ஃப்ரீலான்சராம். படித்ததும் சுவரில் சாய்ந்து அழுதேன். இரவெல்லாம் வேனை ஓட்டிக்கொண்டு அலைந்தது இதற்குத்தானா என்று இருந்தது.

சி.சி.எம்.ஏ. என்ற பணித் தகராறு ஆணையத்தைப் பற்றிச் சொன்னவர் கணவரின் பெரியம்மா. அவர் ஒரு காலத்தில் துணி ஆலையில் யூனியனில் இருந்தவர். அங்கே கட்டணம் கிடையாது. வேலையை விட்டு நீக்கியிருந்தால் 30 நாளுக்குள் போகவேண்டும், இதை மறக்காதீர்கள். வருமானம் குறிப்பிட்ட வரம்புக்குள் இருந்தால், அப்போது அது ஆண்டுக்குச் சுமார் 2,41,000 ராண்ட், சம்பளப் பாக்கிக்கும் அங்கே போகலாம். ஃப்ரீலான்சர் என்று பெயர் வைப்பதால் மட்டும் ஒருவர் ஃப்ரீலான்சர் ஆகிவிடுவதில்லை. அந்த வரம்புக்குள் இருப்பவர் மூன்று மாதமாக ஒரே இடத்துக்கு மாதம் சராசரியாக 40 மணி நேரமாவது உழைத்திருந்தால், ஊழியர் என்றே எடுத்துக்கொள்ளவேண்டும் என்பது சட்டம். இல்லையென்று நிரூபிப்பது முதலாளியின் பாடு. எழுத்துச் சம்மதம் இல்லாமல் சம்பளத்தில் பிடிக்கவும் முடியாது. என் கையில் இன்னொரு பலமான காகிதமும் இருந்தது: விசாவுக்காக உள்துறைக்கு அவர்களே கொடுத்த வேலைக் கடிதம். முழுநேர ஊழியர் என்று அதில் அவர்கள் கையெழுத்தோடு இருந்தது. சமரசப் பேச்சில் பாதிச் சம்பளத்துக்கு ஒத்துக்கொண்டேன். போராடியிருந்தால் முழுதும் வந்திருக்கலாம், ஆனால் எனக்கு அப்போது தெம்பில்லை.

செலவுப் பணத்துக்கு ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட். 20,000 ராண்ட் வரை அங்கே கேட்கலாம், வக்கீல் வைக்க முடியாது, நாமே பேசவேண்டும். முதலில் 14 நாள் கெடு கொடுத்து எழுத்தில் கேட்கவேண்டும். பிறகு கோர்ட் கிளார்க் சம்மன் தயாரிக்க உதவுவார். ஜெனரேட்டரும் கூலியும் சேர்த்து 20,400. மேலே உள்ள 400ஐ விட்டுக்கொடுத்தேன். மைக் பணத்தை நான் கேட்கவில்லை, கையெழுத்து என் பெயரில் இருந்ததால். அங்கே வழக்கை விசாரிக்கும் கமிஷனர் வாட்ஸ்அப் செய்தியைப் படித்தார், குரல் செய்தியைக் கேட்டார், 20,000 கொடுக்கச் சொன்னார். பணம் தவணையாகத்தான் வந்து சேர்ந்தது. போன் பேச்சு முடிந்த கையோடு "நீங்கள் சொன்னபடி..." என்று ஒரு வரி எழுதி அனுப்பும் பழக்கத்தை இன்றைக்கே ஆரம்பியுங்கள்.

இப்போது ஓர் ஒலி, ஒளி நிறுவனத்தில் ஸ்டேஜ் மேனேஜராக இருக்கிறேன். வேலைக் கடிதத்தோடு ஒரு பக்க இணைப்பு கேட்டு வாங்கினேன். நான் என்ன செய்வேன், எவ்வளவு ராண்ட் வரை என் முடிவில் செலவு செய்யலாம், அதற்கு மேல் யாரைக் கேட்கவேண்டும், எந்தக் காகிதங்களில் என் கையெழுத்து வரக்கூடாது என்று அதில் இருக்கிறது. மாலை ஆறு மணிக்குப் பிறகான வேலைக்கு வீடு திரும்ப வண்டி, வாரம் 45 மணிக்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு கூலி என்றும் சேர்த்திருக்கிறார்கள். கேட்டதும் அவர்கள் கோபப்படவில்லை. ஒழுங்கான நிறுவனம் கோபப்படாது.

என்னைப் போல விசாவில் முதலாளியின் பெயரோடு இருப்பவர்கள், வேலைக் கடிதத்தின் நகலை வீட்டில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். புதிய நிறுவனத்தின் பெயரில் அனுமதி மாற எனக்குப் பல மாதம் ஆனது, அதுவரை வீட்டில்தான் இருந்தேன். அந்த மாதங்களுக்கான சாப்பாட்டுச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு, முடிந்தால் புதிய இடத்தின் கடிதம் வந்த பிறகு ராஜினாமாவைக் கொடுங்கள்.